வி2-0001 என்றால் என்ன? பேட்ச் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் முறை

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் படிக்கிற ஒரு மாணவி, திறமூல மென்பொருள் ஒன்றில் தவறைக் கண்டுபிடிக்கிறாள். இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்கிறாள். திருத்தத்தைக் கோப்பாக்கி அனுப்பியும் விடுகிறாள். வருகிற பதிலில் அவள் எழுதிய நிரலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 'மாற்றம் சரி, வழக்கமான பெயரில் வி2 ஆகத் திரும்ப அனுப்பவும்' என்ற பொருளில் ஒரே ஒரு வரி.

அந்த வரியைப் படித்துவிட்டு, தன்னை விரட்டுகிறார்கள் என்று நினைத்து அதோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது வரவேற்பு. திருத்தம் பிடிக்காமல் போயிருந்தால் 'திரும்ப அனுப்பு' என்றே சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வழக்கமான பெயர் எது, வி2 என்றால் என்ன, பெயரில் என்ன இருக்கிறது என்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரு குறிப்பு: இந்தக் கட்டுரையில் கோப்புப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். நிஜத்தில் அவை ஆங்கில எழுத்துகளில் இருக்கும். அது ஏன் என்பதற்கும் பின்னால் ஒரு பகுதி வருகிறது.

பேட்ச் என்பது என்ன

சைக்கிள் டியூபில் பஞ்சர் விழுந்தால் டியூபையே மாற்றுவதில்லை. ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுகிறோம். பேட்சும் அதுபோலத்தான். மென்பொருள் முழுவதையும் அனுப்பாமல், எந்தக் கோப்பில் எந்த வரி போய் எந்த வரி வருகிறது என்பதை மட்டும் எழுதி அனுப்பும் உரைக் கோப்பு அது.

மதுரைப் பேருந்து நேரங்களைக் காட்டும் ஒரு சிறு செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் அட்டவணையில் ஒரு நேரம் தப்பாக இருக்கிறது. பேட்சுக்குள் அந்தத் திருத்தம் இப்படித் தெரியும்:

-ஆரப்பாளையம், தேனி, 05:40
+ஆரப்பாளையம், தேனி, 05:45

கழித்தல் குறி போட்ட வரி நீங்குகிறது, கூட்டல் குறி போட்ட வரி சேர்கிறது. மேலும் கீழும் மாறாத சில வரிகள் அடையாளத்துக்காகக் கூடவே வரும். அவ்வளவுதான்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. இரண்டு கோப்புகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைக் காட்டும் 'டிஃப்' என்ற கருவி 1974-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. அந்த வேறுபாட்டை எடுத்து இன்னொருவருடைய கோப்பின்மேல் பொருத்தும் 'பேட்ச்' நிரலை லாரி வால் 1985-இல் எழுதினார். கூட்டல், கழித்தல் குறிகளோடு இன்று நாம் பார்க்கும் வடிவம் 1990-இல் வந்தது. நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிவு செய்துவைக்கும் 'கிட்' என்ற கருவியை 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியபோது, மின்னஞ்சலில் பேட்ச் அனுப்பும் இந்தப் பழக்கத்தைக் கருவிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். இப்போது நாம் பின்பற்றும் பெயர் முறையில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான்.

பெயரை யார் படிக்கிறார்கள்

மதுரையில் ஒருவர் 'வடக்கு மாசி வீதி' என்று முகவரி சொன்னால் அந்த ஒரு பெயரிலேயே இரண்டு விவரம் கிடைத்துவிடுகிறது. மாசி என்பது மீனாட்சி கோயிலைச் சுற்றி எந்தச் சுற்று என்று சொல்கிறது, வடக்கு என்பது அந்தச் சுற்றில் எந்தப் பக்கம் என்று சொல்கிறது. கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே வர வர சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதி. இந்த வரிசை தெரிந்தவருக்கு வரைபடம் வேண்டாம். நல்ல பேட்ச் பெயரும் இப்படித்தான் வேலை செய்கிறது: பெயரைப் பார்த்தாலே தொகுப்பில் அதற்கு எந்த இடம் என்று தெரிந்துவிட வேண்டும்.

அந்தப் பெயரைப் படிப்பவர்கள் மூன்று வகை.

1. பராமரிப்பாளர். ஒரு திட்டத்துக்கு வரும் திருத்தங்களைப் பார்த்துச் சேர்ப்பவர். இருபது பேர் அனுப்பிய கோப்புகள் அவருடைய ஒரே ஃபோல்டரில் கிடக்கும். அதில் ஏழு பேர் 'ஃபிக்ஸ்.பேட்ச்' என்று பெயர் வைத்திருந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அழியும், இல்லையென்றால் 'ஃபிக்ஸ் (1)', 'ஃபிக்ஸ் (2)' என்று கணினி தன் இஷ்டத்துக்குப் பெயர் போடும்.

2. வரிசைப்படுத்தும் கணினி. ஃபோல்டரிலுள்ள எல்லாப் பேட்சையும் ஒரே கட்டளையில் பொருத்தும்போது, எது முதலில் எது அடுத்து என்பதைப் பெயரின் அகர வரிசைதான் தீர்மானிக்கிறது. கணினிக்கு 10 என்பது 2-க்கு முன்னால் வரும், ஏனென்றால் அது முதல் எழுத்தான 1-ஐத்தான் முதலில் பார்க்கிறது. 0002, 0010 என்று சுழியம் நிரப்பினால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. நான்கு இலக்க எண்ணுக்குக் காரணம் இதுதான்.

3. சோதிக்கும் தானியங்கி. சில திட்டங்களில் பேட்ச் வந்து சேர்ந்ததுமே ஒரு நிரல் அதை எடுத்துப் பொருத்திப் பார்த்து, சோதனை ஓட்டி, தேறியதா இல்லையா என்று அறிவித்துவிடும். எந்தக் கோப்பை எடுப்பது, எதை விடுவது என்று அது பெயரையும் நீட்சியையும் (பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதி) வைத்தே முடிவு செய்கிறது.

ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக் கணினியில் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் 2' என்று ஒரே படத்துக்கு மூன்று கோப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சமாளித்துவிடலாம், எதை அச்சிட வேண்டும் என்று சொல்ல ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். பேட்ச் அனுப்புகிறவர் சிம்மக்கல்லில் இருப்பார், பிரிப்பவர் பின்லாந்தில் இருப்பார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போய்விடும்.

கிட் தானாக வைக்கும் பெயர்

கிட்டில் ஒரு மாற்றத்தைச் சிறு விளக்கச் செய்தியோடு பதிவு செய்வதற்குக் கமிட் என்று பெயர். 'கிட் ஃபார்மட்-பேட்ச்' என்ற கட்டளை உங்கள் ஒவ்வொரு கமிட்டையும் ஒரு கோப்பாக எழுதித் தருகிறது. பெயரையும் அதுவே வைத்துவிடும். முன்னே சொன்ன பேருந்துத் திருத்தம் இப்படி வரும்:

0001-பஸ்-டைம்ஸ்-ஃபிக்ஸ்-தேனி-டிபார்ச்சர்.பேட்ச்

இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

1. முன்னால் நிற்கும் 0001 இந்தத் தொகுப்பில் எத்தனையாவது பேட்ச் என்பது. உங்கள் வாழ்க்கையில் எத்தனையாவது என்று அர்த்தமில்லை. அடுத்த மாதம் வேறொரு திருத்தம் அனுப்பினால் அதுவும் 0001-இல்தான் தொடங்கும்.

2. நடுவில் இருப்பது கமிட் செய்தியின் முதல் வரி. இடைவெளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி எல்லாம் இணைப்புக் குறியாக மாறிவிடும். இதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. பல திட்டங்களில் முதல் வரியை 'பகுதிப் பெயர், முக்காற்புள்ளி, செய்தது என்ன' என்ற வடிவில் எழுதச் சொல்வார்கள். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி வரவே கூடாது. கிட் அதை எடுத்துவிடுவதால் லினக்ஸில் செய்த பேட்ச் விண்டோஸிலும் திறக்கும்.

3. முழுப் பெயர் சுமார் 64 பைட்டில் வெட்டப்படும். நீளமாக முதல் வரி எழுதியிருந்தால் வால் போய்விடும். முதல் வரியை 50 எழுத்துக்குள் வைக்கச் சொல்லும் பழக்கத்தைப் பின்பற்றினால் வெட்டு விழாது.

4. 0000 என்ற எண்ணோடு ஒரு கோப்பு வந்தால் அது முகப்புக் கடிதம். ஐந்தாறு பேட்சுகளைச் சேர்த்து அனுப்பும்போது, மொத்தமாக என்ன செய்திருக்கிறோம் என்று சொல்லும் கடிதம் அது. அதில் நிரல் மாற்றம் எதுவும் இருக்காது.

5. திருத்தி மறுபடி அனுப்பும்போது 'வி2' சேர்க்கும்படி கட்டளையிலேயே சொல்லலாம். சொன்னால் பெயர் வி2-0001 என்று தொடங்கும், உள்ளே தலைப்பு வரியிலும் வி2 ஏறிவிடும். வி என்பது வெர்ஷன். வி2 என்றால் இரண்டாம் சுற்று.

நான் இங்கே வலியுறுத்த விரும்புவது இரண்டாவது புள்ளியை. கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. கமிட்டின் முதல் வரியை ஒழுங்காக எழுதினால் போதும், பெயர் அதிலிருந்து பிறந்துவிடும். 'சில மாற்றங்கள்' என்று முதல் வரி எழுதிவிட்டுக் கோப்புப் பெயரை மட்டும் கையால் மாற்றினால் எந்தப் பயனும் இல்லை. பராமரிப்பாளர் அந்தக் கோப்பை 'கிட் ஏஎம்' என்ற கட்டளையால் சேர்க்கும்போது உள்ளே இருக்கும் தலைப்பு வரிதான் வரலாற்றில் நிற்கும். கோப்புப் பெயர் அங்கேயே உதிர்ந்துவிடும்.

வி1-உம் வி2-உம் ஒரே ஃபோல்டரில் இருந்தால்

இது அடிக்கடி நடக்கிற விபத்து. எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

முதல் சுற்றில் மூன்று பேட்ச் அனுப்பினீர்கள்: 0001, 0002, 0003. கருத்து வந்தது, மூன்றாவதில் மட்டும் ஒரு மாற்றம் கேட்டார்கள். செய்தீர்கள். ஃபார்மட்-பேட்ச் ஓட்டினீர்கள், வி2-0001, வி2-0002, வி2-0003 வந்தன. பழைய மூன்றும் அதே ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன. இப்போது 'முடிவில் பேட்ச் என்றிருக்கும் எல்லாக் கோப்பும்' என்று நட்சத்திரக் குறி போட்டு ஒரே கட்டளையில் அனுப்பினால் ஆறும் போய்ச் சேரும்.

அந்தப் பக்கம் என்ன ஆகும்? அகர வரிசையில் எண் முதலில் வரும், எழுத்து பிறகு. அதனால் பழைய 0001, 0002, 0003 முதலில் பொருந்திவிடும். அடுத்து வி2-0001 வரும்போது, அது நீக்க வேண்டிய வரி ஏற்கெனவே நீங்கியிருக்கும். பேட்ச் பொருந்தவில்லை என்று கிட் அங்கேயே நின்றுவிடும். பராமரிப்பாளர் எல்லாவற்றையும் பின்வாங்கி, எது பழையது எது புதியது என்று பார்த்து, மறுபடி தொடங்க வேண்டும். வேலை இருக்கிற ஆள் அத்தனை தூரம் போக மாட்டார். உங்களுக்கு ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பேட்சுக்குப் போய்விடுவார்.

தீர்வு எளிது. ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஃபோல்டர். ஃபார்மட்-பேட்ச் கட்டளையிலேயே எந்த ஃபோல்டரில் எழுத வேண்டும் என்று சொல்ல வழி இருக்கிறது.

இன்னொன்றும் இதிலேயே சொல்லிவிடலாம். மூன்றாவது மட்டும்தானே மாறியது என்று வி2-0003 ஒன்றை மட்டும் அனுப்பாதீர்கள். இரண்டாம் சுற்று என்றால் மூன்றும் சேர்ந்த முழுத் தொகுப்பு. படிப்பவர் பாதியைப் பழைய கடிதத்திலும் மீதியைப் புதிய கடிதத்திலும் தேடும்படி வைக்கக் கூடாது.

திட்டத்துக்குத் திட்டம் மாறும் விதிகள்

எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது. பேட்ச் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் பேட்சை இணைப்பாக அனுப்பக் கூடாது, மின்னஞ்சலின் உடலிலேயே உரையாக வைத்து அனுப்ப வேண்டும். அதனால் பெறுபவர் கோப்புப் பெயரைப் பார்ப்பதே இல்லை, தலைப்பு வரியைத்தான் பார்க்கிறார். 'பேட்ச் வி2 1/3' என்று சதுர அடைப்புக்குள் வருவது அங்கே பெயரின் வேலையைச் செய்கிறது. உங்கள் பக்கத்தில் கோப்புகள் சரியான வரிசையில் புறப்பட எண் உதவும், அதோடு அதன் பணி முடிந்தது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுதளத் திட்டத்தில் நேர்மாறு. அங்கே பேட்ச் இணைப்பாகத்தான் போகும். சோதனைத் தானியங்கி ஒன்று கடைசியாக வந்த மடலின் இணைப்புகளை எடுத்து, பெயரின் அகர வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்துகிறது. வி3-0001, வி3-0002 என்று பெயர் சரியாக இருந்தால் ஓடும். பெயரில் வரிசை பிசகினால், நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 'பொருந்தவில்லை' என்று சிவப்பு விழும்.

வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்டுபிரஸ்ஸில் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு டிக்கெட் எண் உண்டு. அந்த எண்ணேதான் பேட்சின் பெயர். டிக்கெட் 12345 என்றால் கோப்பு 12345.டிஃப். அடுத்த சுற்று 12345.2.டிஃப். விளக்கச் சொல் எதுவும் வேண்டாம், விளக்கம் டிக்கெட்டிலேயே இருக்கிறது.

அதே வகை மென்பொருளான டுரூபலில் நெடுங்காலம் இருந்த முறைதான் இவற்றிலேயே நீளமானது: திட்டப் பெயர், சிறு விளக்கம், பிழை எண், கருத்து எண். கடைசியில் இருக்கும் கருத்து எண், பிழைப் பக்கத்தில் வரிசையாக விழும் கருத்துகளின் எண், கொஞ்சம் விசித்திரமானது. நீங்கள் இனிமேல் இடப்போகிற கருத்தின் எண் அது, அதாவது கடைசிக் கருத்து 14 என்றால் உங்கள் கோப்பில் 15 என்று போட வேண்டும். சோதனை ஓட வேண்டாம் என்றால் பெயரின் முடிவில் 'டு-நாட்-டெஸ்ட்' சேர்ப்பார்கள். முந்தைய பேட்சுக்கும் இப்போதையதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் காட்டும் கோப்புக்கு 'இன்டர்டிஃப்-12-15' என்று பெயர், நீட்சி டிஎக்ஸ்டி. பேட்ச் என்ற நீட்சி இல்லாததால் தானியங்கி அதைத் தொடாது. இப்போது டுரூபல், பேட்ச் கோப்பு அனுப்பாமல் தளத்திலேயே மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் மெர்ஜ் ரிக்வெஸ்ட் முறைக்கு மாறிவிட்டது. ஆனாலும் பழைய பிழைப் பக்கங்களைப் படிக்க இந்தப் பெயர் முறை தெரிந்திருக்க வேண்டும்.

ஒட்டிய பேட்சைப் பல ஆண்டு வைத்திருக்கும் இடங்கள்

மேலே சொன்னவற்றில் பேட்ச் வந்து, சேர்ந்து, மறைந்துவிடும். வேறொரு வகை உண்டு. டெபியன், ஓபன்டபிள்யூஆர்டி, பில்ட்ரூட் போன்றவை பிறர் எழுதிய மென்பொருளை எடுத்து, அதன்மேல் தங்கள் பேட்சுகளைப் பொருத்தி வெளியிடுகின்றன. இங்கே பேட்ச் கோப்பு ரெப்போவிலேயே, அதாவது திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் களஞ்சியத்திலேயே, ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். அதனால் பெயரும் நிலைத்து நிற்க வேண்டும்.

பில்ட்ரூட்டில் பெயர் 'எண்-விளக்கம்.பேட்ச்'. மென்பொருளின் பதிப்பு எண்ணைப் பெயரில் சேர்க்கக் கூடாது. காரணம் தெளிவு: பதிப்பு மாறும்போதெல்லாம் பேட்ச் அப்படியே இருக்க, பெயர் மட்டும் பொய்யாகிவிடும்.

ஓபன்டபிள்யூஆர்டியில் 100, 110, 120 என்று இடைவெளி விட்டு எண் கொடுக்கும் வழக்கத்தைப் பார்க்கலாம். நடுவில் ஒன்றைச் செருக வேண்டி வந்தால் 105 என்று வைத்துக்கொள்ளலாம், மற்றதைத் தொட வேண்டாம். இடைவெளி விடாமல் எண் போட்டால் என்ன ஆகும் என்பது நம் ஊர் வீட்டுக் கதவுகளைப் பார்த்தாலே புரியும். 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று இரண்டையும் எழுதி வைத்திருப்போம். எண்ணை மாற்றியது ஒரு நாள் வேலை. அதற்குமுன் எழுதிய ரேஷன் அட்டை, பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் பழைய எண் இருக்கிறதே, அதை யார் மாற்றுவது? பேட்ச் எண்ணை மாற்றினாலும் அதே கதைதான். பழைய உரையாடல்களில் '0007-ஐப் பாருங்கள்' என்று எழுதியதெல்லாம் வேறொரு கோப்பைக் காட்டத் தொடங்கிவிடும்.

டெபியன் இதை வேறு விதமாகத் தீர்த்தது. 'சீரீஸ்' என்ற தனிக் கோப்பில் பேட்சுகளின் பெயர்கள் எந்த வரிசையில் எழுதியிருக்கின்றனவோ அந்த வரிசையில் பொருந்தும். பெயரில் எண் தேவையே இல்லை. என் கருத்தில் இதுதான் சுத்தமான ஏற்பாடு: பெயர் பொருளைச் சொல்லட்டும், வரிசையைப் பட்டியல் சொல்லட்டும்.

பெயரே பாதுகாப்புச் சான்றாகும் இடம்

பாதுகாப்பு ஓட்டைகளுக்கு உலக அளவில் சிவிஇ என்ற எண் தருகிறார்கள். இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014-இல் வெளியே தெரிந்த ஹார்ட்பிளீட் ஓட்டையின் எண் சிவிஇ-2014-0160. ரௌட்டர், கேமரா போன்ற கருவிகளுக்கு லினக்ஸ் தயாரிக்கப் பயன்படும் யோக்டோவில், எந்த ஓட்டைகள் இன்னும் அடைபடவில்லை என்று பட்டியல் போடும் வசதி இருக்கிறது. அது பேட்ச் கோப்பின் பெயரிலும், கோப்புக்குள் சிவிஇ என்று தொடங்கும் வரியிலும் எண்ணைத் தேடும். கிடைத்தால் 'அடைத்தாயிற்று' என்று எழுதிக்கொள்ளும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஓட்டையை ஒழுங்காக அடைத்துவிட்டு 'ஃபிக்ஸ்-மெமரி.பேட்ச்' என்று பெயர் வைத்து, உள்ளேயும் எண்ணை எழுத மறந்தால், அறிக்கையில் அந்த ஓட்டை திறந்தே இருக்கும். எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் அதைவிட மோசம். திறந்திருக்கும் வேறொரு ஓட்டை அடைபட்டதாகக் காட்டும், யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் பெயரைத் தட்டச்சு செய்யாமல் அறிவிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதே நல்லது.

பெயரில் தமிழ் எழுதலாமா

கமிட் செய்தியைத் தமிழில் எழுதுவதில் எந்தத் தடையும் இல்லை. கிட் அதை அப்படியே வைத்துக்கொள்ளும், அனுப்பிய இடத்தில் அப்படியே திறக்கும். ஆனால் கோப்புப் பெயர் உருவாக்கும்போது கிட் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு ஆகிய நான்கை மட்டுமே ஏற்கிறது. மீதி எல்லாம் அதற்கு வெற்றிடம். 'தேனி பஸ் நேரம் திருத்தம்' என்று முழுத் தமிழில் முதல் வரி எழுதினால் கிடைக்கும் பெயர் இதுதான்:

0001-.பேட்ச்

நடுவில் எதுவுமே இல்லை. நான்கு கமிட் என்றால் 0001-, 0002-, 0003-, 0004- என்று நான்கு மொட்டைப் பெயர்கள். தமிழில் செய்தி எழுதுகிற எல்லாருக்கும் முதல் தடவை இது அதிர்ச்சியாக இருக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், உள்ளே செய்தி பத்திரமாக இருக்கிறது.

சரி, கையால் தமிழில் பெயர் வைத்தால்? வைக்கலாம், கோப்பு உருவாகும். ஆனால் மூன்று சிக்கல் காத்திருக்கிறது.

1. நீளம். 'மதுரை' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினி அதை ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஒதுக்குகிறது. ஆக 15 பைட். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு உச்ச வரம்பு பொதுவாக 255 பைட். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து, தமிழில் 85 குறிகள்தான்.

2. ஒரே தோற்றம், வேறு உடல். 'கொ' என்ற எழுத்தில் ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னே கொம்பு, பின்னே கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். மேக் கணினிகளின் பழைய கோப்பு அமைப்பு பெயர்களை இரண்டாகப் பிரித்தே சேமித்தது, லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைக்கும். 'கொடைக்கானல்' என்று தொடங்கும் கோப்பை மேக்கில் உருவாக்கி லினக்ஸில் தேடினால் கண்முன்னே இருந்தும் கிடைக்காமல் போகலாம். இதற்காகவே கிட்டில் ஒரு தனி அமைப்பு சேர்க்க வேண்டி வந்தது.

3. பேட்சுக்கு உள்ளே காட்சி. திருத்தப்படும் கோப்பின் பெயர் தமிழில் இருந்தால், கிட் இயல்பாக அதை எண்களாக மாற்றித்தான் காட்டும். 'மதுரை' என்பதன் முதல் எழுத்து \340\256\256 என்று தெரியும். படிப்பவருக்கு எந்தக் கோப்பு என்றே புரியாது. அமைப்பை மாற்றினால் தமிழாகவே தெரியும், ஆனால் அவரவர் கணினியில் அவரவர் மாற்ற வேண்டும்.

தமிழ் மென்பொருள் திட்டங்களில் தமிழில்தான் எழுத வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. முதல் வரியின் தொடக்கத்தில் பகுதிப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், முக்காற்புள்ளி போடுங்கள், அதன்பிறகு தமிழில் எழுதுங்கள். 'பஸ்-டைம்ஸ்' என்பதை ஆங்கில எழுத்திலும் மீதியைத் தமிழிலும் எழுதினால் கோப்பு 0001-பஸ்-டைம்ஸ்.பேட்ச் என்று வரும். வரலாற்றில் தமிழ் நிற்கிறது, பெயரும் மொட்டையாகவில்லை.

நீட்சி: பேட்சா, டிஃப்பா

பொருத்தும் நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான், அது உள்ளே இருப்பதைத்தான் பார்க்கும். வழக்கத்தில் ஒரு வேறுபாடு உண்டு. பேட்ச் என்றால் எழுதியவர் பெயர், நாள், செய்தி எல்லாம் அடங்கிய மடல் வடிவம். டிஃப் என்றால் வெறும் வரி மாற்றம். திட்டங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் ஏதாவது ஒரு புல் ரிக்வெஸ்டின் (மெர்ஜ் ரிக்வெஸ்ட் போன்றதே) முகவரிக்குப் பின்னால் புள்ளி வைத்து இந்த இரண்டு நீட்சியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும்.

புல் ரிக்வெஸ்ட் முறையில் பேட்ச் கோப்பே கண்ணில் படுவதில்லை என்பதும் உண்மை. அங்கே அந்த வேலையைக் கிளையின் (மாற்றங்களைத் தனியே செய்து வைக்கும் பிரிவின்) பெயரும் கமிட்டின் முதல் வரியும் பகிர்ந்துகொள்கின்றன. முதல் வரி ஒழுங்காக இருந்தால் எந்த முறைக்கு மாறினாலும் தடுமாற வேண்டியதில்லை.

'வி2 ஆக அனுப்பவும்' என்று பதில் வந்தால்

1. திட்டத்தின் ரெப்போவில் 'கான்ட்ரிபியூட்டிங்' என்ற கோப்பையோ, பேட்ச் அனுப்பும் முறை பற்றிய பக்கத்தையோ தேடிப் படியுங்கள். பெயர் விதி இருந்தால் அதுதான் கடைசிச் சொல், இந்தக் கட்டுரை இல்லை.

2. எழுதிய விதி கிடைக்கவில்லை என்றால், அண்மையில் ஏற்கப்பட்ட நான்கைந்து பேட்சுகளைத் திறந்து, அவற்றின் பெயரையும் தலைப்பு வரியையும் பாருங்கள். அதே வடிவத்தைப் பின்பற்றுங்கள்.

3. கேட்ட மாற்றத்தைப் பழைய கமிட்டிலேயே சேர்த்துத் திருத்துங்கள். 'முந்தைய பேட்சில் பிழை திருத்தம்' என்று புதிதாக ஒரு கமிட் போட்டு அதை 0002 ஆக அனுப்ப வேண்டாம். பிழையும் திருத்தமும் இரண்டுமே வரலாற்றில் நிற்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

4. முதல் வரியைத் திரும்பப் படியுங்கள். சரியில்லை என்றால் இப்போதே மாற்றுங்கள்.

5. புதிய ஃபோல்டரில், வி2 என்று சொல்லி, முழுத் தொகுப்புக்கும் ஃபார்மட்-பேட்ச் ஓட்டுங்கள்.

6. ஒவ்வொரு கோப்பையும் உரைத் திருத்தியில் திறந்தால், செய்தி முடிந்ததும் மூன்று கோடுகள் கொண்ட ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே 'வி1-லிருந்து மாறியது இது' என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இடத்தில் எழுதுவது பராமரிப்பாளர் கண்ணில் படும், வரலாற்றில் ஏறாது.

7. அனுப்பும் முன் திட்டத்தின் புதிய நகல் ஒன்றை எடுத்து, உங்கள் கோப்புகளை நீங்களே கிட் ஏஎம் மூலம் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் அதே மின்னஞ்சல் தொடரில் பதிலாகப் போடுவதா, புதிதாகத் தொடங்குவதா என்று திட்டத்தின் வழக்கத்தைப் பார்த்து அனுப்புங்கள்.